கிரேடு செய்த கிரிக்கெட் கார்டை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பலாமா? டெல்லியில் இருந்து ஒரு கணக்கு

பிஜிஎஸ் 9.5 என்று லேபிள் ஒட்டிய விராட் கோலி கார்டு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கார்டு, பிஎஸ்ஏ 10 லேபிளோடு, ஈபேயில் உங்களுடையதைவிட நல்ல விலைக்குப் போயிருக்கிறது. உள்ளே இருப்பது அதே அட்டை. வெளியே இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான் வேறு. 'அப்போ பெட்டியை மாத்திட்டா போச்சு' என்று தோன்றுவது இயல்புதான்.

மாற்றலாம். ஆனால் பெட்டியை மாற்றித் தருகிறவர்கள் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் இருக்கிறார்கள். நீங்கள் இருப்பது மயூர் விஹாரிலோ கரோல் பாக்கிலோ ஆர்.கே.புரத்திலோ. எந்தக் கம்பெனி சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள்கூட, நடுவில் இருக்கும் இந்தத் தூரத்துக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுவதில்லை. டெல்லியில் இருந்து அனுப்புபவருக்கு அதுதான் முதல் கேள்வி.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: கிரேடிங் என்பது ஒரு கார்டு அசல்தானா என்று பார்த்து, அதன் நிலைக்கு 1 முதல் 10 வரை மார்க் போட்டு, 'ஸ்லாப்' எனப்படும் பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருவது. பேஸ்பால் கார்டுகளில் தொடங்கி கூடைப்பந்து, கால்பந்து, போகிமான் என்று பரவி கிரிக்கெட்டுக்கு வந்த பழக்கம். பிக் ஃபன் பபிள்கம்மில் கார்டு எடுத்த தலைமுறைக்கும், டாப்ஸின் கிரிக்கெட் அட்டாக்ஸ் வைத்து ஸ்கூல் பஸ்ஸில் விளையாடிய தலைமுறைக்கும் இதெல்லாம் காசாகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூலை மடங்காமல் வைத்திருப்போம்!

'வேறு கம்பெனி' என்றால் யார்?

இந்தத் துறையில் பெரிய பெயர்கள் நான்கு. பிஎஸ்ஏ 1991-ல் தொடங்கியது. எஸ்ஜிசி 1998-ல் வந்தது. பெக்கெட் நிறுவனத்தின் பிஜிஎஸ் 1999-ல். நாணயங்களையும் காமிக்ஸ்களையும் கிரேடு செய்துவந்த குழுமத்தைச் சேர்ந்த சிஜிசி, கார்டுகளுக்கு 2020-ல் வந்தது.

பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ், 2024 பிப்ரவரியில் எஸ்ஜிசியை வாங்கியது. 2025 டிசம்பரில் பெக்கெட்டையும் வாங்குவதாக அறிவித்தது. ஆக, பெக்கெட் ஸ்லாபில் இருந்து பிஎஸ்ஏ ஸ்லாபுக்கு நீங்கள் மாறினால், ஒரே முதலாளியின் ஒரு கடையில் இருந்து இன்னொரு கடைக்குப் போகிறீர்கள். மார்க் போடும் முறை இப்போதைக்கு வேறுவேறுதான். ஆனால் 'இவங்க சரியில்லை, போட்டிக் கம்பெனிக்குப் போறேன்' என்ற காரணத்துக்காக மாற்ற நினைப்பவர்கள், போட்டி என்று யாரைச் சொல்கிறோம் என்பதை ஒரு தடவை யோசிக்க வேண்டும். அந்த அர்த்தத்தில் நான்கு பெரிய பெயர்களில் மிச்சம் இருப்பது சிஜிசிதான்.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

விற்கத்தான் என்றால் முழுக்க முழுக்க எண் கணக்கு. கீழே வருகிறேன்.

விற்கும் எண்ணமே இல்லை, அலமாரியில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அழகு என்பவர்கள் உண்டு. பிஎஸ்ஏவின் செட் ரெஜிஸ்ட்ரியில் சேர்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அதில் பிஎஸ்ஏ ஸ்லாபுக்கு மட்டும்தான் இடம். இவர்களுக்கு ஒரு மார்க் குறைந்தாலும் பெரிய கவலை இல்லை. எனவே முடிவும் எளிது: இந்த ஆசைக்கு இவ்வளவு செலவு செய்யத் தயாரா? அவ்வளவுதான்.

மூன்றாவது ரகம், இந்தியாவில் அதிகம். உள்ளூரில் யாரோ சிறிய கம்பெனி கிரேடு செய்து கொடுத்த ஸ்லாப். வெளிநாட்டு வாங்குபவர் அந்த 10-ஐ 10-ஆக எடுத்துக்கொள்ள மாட்டார். கிரேடு செய்யாத வெறும் கார்டாகவே பார்ப்பார். இங்கே மாற்றுவதற்கு நியாயம் இருக்கிறது. இழப்பதற்குப் பழைய மார்க் என்று எதுவும் இல்லையே. ஆனால் இந்த ரகத்தில்தான் ஏமாற்றமும் அதிகம். உள்ளூர் 10, பெரிய கம்பெனியில் 8 ஆவதும், ஓரம் வெட்டப்பட்ட கார்டு என்று மார்க்கே இல்லாமல் திரும்புவதும் நடக்கும்.

பழைய லேபிளை முதலில் படியுங்கள்

பிஜிஎஸ் லேபிளில் பெரும்பாலும் நான்கு துணை மார்க்குகள் இருக்கும்: சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு. பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி. மொத்த மார்க், இந்த நாலின் சராசரி இல்லை. குறைந்த மார்க் மொத்தத்தைக் கீழே இழுக்கும். பிஎஸ்ஏ ஒரே ஒரு எண்ணைத்தான் தரும். முக்கியமாக, பிஎஸ்ஏவில் 9.5 என்ற மார்க்கே கிடையாது. அங்கே அரை மார்க் 8.5-உடன் முடிந்துவிடுகிறது. ஆக உங்கள் பிஜிஎஸ் 9.5 அங்கே போனால் 10 ஆக ஏற வேண்டும், இல்லையென்றால் 9-க்கு இறங்க வேண்டும். நடுவில் உட்கார இடம் இல்லை. மாற்றும் விஷயத்தில் இருக்கும் மொத்த சூதாட்டமும் இந்த இடத்தில்தான்.

எது ஏறும் என்று வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். துணை மார்க்குகளில் எது குறைவு என்று பாருங்கள். குறைந்தது சென்டரிங் என்றால், ஒரு ஸ்கேல் போதும். கார்டின் இடது பக்க வெள்ளை ஓரம் 3 மில்லிமீட்டர், வலது பக்கம் 2 மில்லிமீட்டர் என்றால் அது 60/40. பிஎஸ்ஏ 10-க்கு முன்பக்கம் ஏறத்தாழ 55/45-க்குள் இருக்க வேண்டும். முன்பு 60/40 வரை விட்டுக்கொடுத்தார்கள், 2025-ல் இறுக்கிவிட்டார்கள். அதாவது சில வருடங்களுக்கு முன் யூடியூபில் யாரோ சொன்ன '60/40 ஓகே' என்ற அறிவுரை இன்று உங்களுக்கு நஷ்டம் வைக்கும். சென்டரிங் ஒன்றும் பழையதாகாது, ஸ்லாபை மாற்றினால் நகரவும் நகராது. அளந்து பார்த்து இல்லை என்றால் இல்லைதான்.

குறைந்தது மேற்பரப்பு என்றால் கணிப்பது கடினம். பிளாஸ்டிக்கின் கீறல் எது, கார்டின் கீறல் எது என்று உங்களுக்கும் தெரியாது, அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கும் எளிதில் தெரியாது. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஸ்லாபைத் திருப்புங்கள். கோடு கார்டோடு நகர்கிறதா, பிளாஸ்டிக்கோடு நகர்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. நான்கும் 10 வாங்கிய பிஜிஎஸ் 'பிளாக் லேபிள்' கார்டு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். அது சந்தையில் பொதுவாக பிஎஸ்ஏ 10-ஐவிட அதிகம் போகும்.

ஸ்லாபோடு அனுப்புவதா, உடைத்து அனுப்புவதா?

இரண்டு வழி. ஸ்லாபை அப்படியே அனுப்புவது 'கிராஸ்ஓவர்'. படிவத்தில் 'குறைந்தபட்சம் இந்த மார்க் வந்தால் மட்டும் மாற்றுங்கள்' என்று எழுதலாம். வரவில்லை என்றால் பழைய பெட்டியிலேயே திரும்பிவிடும். செலவு போகும், கார்டு பிழைக்கும். எந்தெந்தக் கம்பெனியின் ஸ்லாபை கிராஸ்ஓவருக்கு எடுப்பார்கள் என்பது மாறும் விஷயம். உள்ளூர் ஸ்லாபை எடுக்கும் வாய்ப்பு குறைவு.

இன்னொன்று 'கிராக்'. நீங்களே உடைத்து, வெறும் கார்டாகப் புதிதுபோல் அனுப்புவது. பழைய மார்க்கைப் பார்த்து மதிப்பீட்டாளர் மனதில் ஒரு எண் பதிந்துவிடாது, பிளாஸ்டிக் மறைக்காது என்பதால் பல சேகரிப்பாளர்கள் இதையே விரும்புகிறார்கள். ஆனால் உடைத்த நிமிடத்தில் உங்கள் 9.5 காலி. சில்லு ஒன்று முகத்தில் கோடு போட்டால் அதோடு கதை முடிந்தது. உடைத்தே ஆக வேண்டும் என்றால், முன்னால் லேபிளோடு இரண்டு பக்கமும் படம் எடுங்கள். லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். உடைத்ததும் பென்னி ஸ்லீவில் போட்டு, செமி-ரிஜிட் ஹோல்டரில் வையுங்கள்.

ஒரு கம்பெனி 'வெட்டப்பட்டது' என்று சொன்ன கார்டை உடைத்து, லேபிளை மறைத்து இன்னொரு கம்பெனியில் மார்க் வாங்கிவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஏமாற்று. இந்தத் துறையின் மிகப் பெரிய தலைகுனிவே அதுதான். பிஎஸ்ஏ முதன்முதலில் கிரேடு செய்ததாகச் சொல்லப்படும் ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டு 8 மார்க் வாங்கி, 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரங்களைத் தான் வெட்டியதாக பில் மாஸ்ட்ரோ என்ற ஏல நிறுவன முதலாளி 2013-ல் ஒப்புக்கொண்டார். பின்னர் சிறைக்கும் போனார். கிரேடு என்பது ஒரு மனிதரின் கருத்துதான். அதற்கு இது ஒன்றே போதுமான சாட்சி.

இப்போது கணக்கு

எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் கார்டின் விலைகளை ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதில் யாரும் எதையும் எழுதலாம்.

பிஜிஎஸ் 9.5 ஆக 30,000 ரூபாய் போகிறது. பிஎஸ்ஏ 10 ஆனால் 50,000. பிஎஸ்ஏ 9 ஆனால் 20,000. கட்டணம், போக வர கூரியர், காப்பீடு, கிரெடிட் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு கார்டுக்கு 9,000 என்று வைப்போம்.

கிராஸ்ஓவரில், குறைந்தபட்சம் 10 என்று எழுதி அனுப்புகிறீர்கள். வெற்றி என்றால் 20,000 கூடும். தோல்வி என்றால் கார்டின் விலை அப்படியே. செலவு 9,000 இரண்டிலும் போகும். ஆக, 10 வருவதற்கான வாய்ப்பு 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அனுப்புவதில் அர்த்தம்.

உடைத்து அனுப்பினால்? தோற்றால் 10,000 குறையும். அப்போது 63 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு நிச்சயம் என்று உங்களால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? பெரும்பாலானவர்களால் முடியாது.

பத்து கார்டைச் சேர்த்து அனுப்பி, ஒரு கார்டுக்கான செலவை 4,000-க்குக் கொண்டுவந்தால் கிராஸ்ஓவருக்கு 20 சதவீத வாய்ப்பே போதும். தனியாக ஒரு கார்டை அனுப்பாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். கிரேடிங் கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும். 10 வந்து மதிப்பு எகிறினால் கூடுதல் கட்டணம் கேட்பதும் உண்டு. விற்கும்போது தளத்தின் கமிஷன் தனி.

இதுவரை சுங்க வரியைச் சேர்க்கவில்லை. திரும்பி வரும்போது உங்கள் கார்டைப் புது இறக்குமதியாகப் பார்த்து, உதாரணமாக 15,000 ரூபாய் வரி போட்டால் என்ன ஆகும்? 20,000 லாபத்தில் 9,000 போய், 15,000-மும் போனால் கையில் மைனஸ் 4,000. பிஎஸ்ஏ 10 நூற்றுக்கு நூறு நிச்சயம் என்றாலும் நஷ்டம். இத்தனை நேரம் சென்டரிங் அளந்தது வீண்.

சுங்கத்தில் நடப்பது என்ன?

இந்தியாவில் இருந்து வெளியே போன அதே பொருள் திரும்பி வந்தால் வரி விலக்கு தருவதற்கு விதி இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபோது, 2017 ஜூன் 30 அன்று வெளியான 45/2017 சுங்க அறிவிப்பு அதன் நிபந்தனைகளைத் தொகுத்தது: பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் திரும்ப வேண்டும், போன பொருளும் வந்த பொருளும் ஒன்றுதான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ரிப்பேருக்குப் போய் வந்த பொருள் என்றால், ரிப்பேர் செலவு, காப்பீடு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு மட்டும் வரி. கிரேடிங்கை எந்தப் பிரிவில் வைப்பார்கள், இன்று நடப்பில் இருக்கும் அறிவிப்பு எது என்பதை அனுப்பும் முன்பே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கேட்டுவிடுங்கள். பார்சல் டெல்லி விமான நிலையத்தில் நின்ற பிறகு கேட்டால் தாமதம்.

'பொருள் ஒன்றுதான்' என்ற நிபந்தனையில்தான் சிக்கல். போகும்போது பிஜிஎஸ் ஸ்லாப், ஒரு சான்று எண். வரும்போது பிஎஸ்ஏ ஸ்லாப், வேறு சான்று எண். பேப்பரில் பார்த்தால் இரண்டும் வேறு பொருள்! கிராஸ்ஓவரில் தோற்ற கார்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, பழைய எண்ணோடு சமர்த்தாகத் திரும்பிவிடும். ஜெயித்த கார்டுக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

அதனால் ஏற்றுமதி ஆவணத்திலேயே ஸ்லாப் எண்ணோடு நிற்காமல் கார்டை விவரியுங்கள்: எந்த வருடம், எந்த செட், கார்டு எண், 23/99 மாதிரி அச்சிட்ட வரிசை எண் இருந்தால் அது. இரண்டு பக்கமும் தெளிவான படம். பழைய சான்று எண் குறிப்பிட்ட கிரேடிங் படிவத்தின் நகல். திரும்பும்போது கிரேடிங் கம்பெனியின் பில். 'கிஃப்ட்' என்று எழுதி, மதிப்பைக் குறைத்துக் காட்டி அனுப்பச் சொல்லும் நண்பர் பேச்சைக் கேட்டால் இது எதுவுமே உங்கள் கையில் இருக்காது. கார்டு தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைத்த மதிப்புக்குத்தான்.

அமெரிக்கப் பக்கமும் பழைய மாதிரி இல்லை. 800 டாலருக்குக் குறைவான பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-லேயே அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை எடுப்பதை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கியது. வரியை அனுப்பும்போதே கட்டும் முறையில். ஐ.டி.ஓ பக்கம் கோட்லா சாலையில் இருக்கும் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகம் வழியாக மலிவாக அனுப்பிவிடலாம் என்று யோசித்திருந்தால், அன்றைய விகிதத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வரியைத் தீர்மானிப்பதில் கார்டு எங்கே அச்சானது என்பதும் முக்கியம், எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அமெரிக்காவுக்கே போகாமலும் பார்க்கலாம். சிஜிசிக்கு லண்டனிலும் பிஎஸ்ஏவுக்கு டோக்கியோவிலும் அலுவலகம் உண்டு. இந்தியாவில் இருந்து அங்கே சமர்ப்பிக்க முடியுமா என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ ஃபிரெண்டோ ஊருக்கு வந்துபோகும்போது கொடுத்து அனுப்புவதுதான் நம் ஆட்கள் அதிகம் நம்பும் வழி. அங்கேயே விற்பதாக இருந்தால் கார்டு திரும்பி வரவே வேண்டாம். இந்தியச் சுங்கத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விற்ற பணம் யார் கணக்கில் வருகிறது, அதற்கு அவர் அங்கே வரி கட்ட வேண்டி வருமா என்பதை மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பலருடைய கார்டுகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் இடைத்தரகர்களும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியது விலையை மட்டும் இல்லை. ஏற்றுமதிப் பேப்பர் யார் பெயரில்? அதில் என் கார்டு தனியாகக் குறிப்பிடப்படுமா? தொலைந்தால் யார், எவ்வளவு தருவார்? சுங்க வரி வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை சார்' என்பது பதில் இல்லை.

கடைசியாக, அபூர்வமாகத்தான் நடக்கும் என்றாலும் ஒரு எச்சரிக்கை. ரஞ்சி படம் போட்ட பழைய சிகரெட் கார்டு மாதிரி நூறு வருடத்தைத் தாண்டிய ஏதாவது உங்கள் குடும்பப் பெட்டியில் இருந்தால், அது 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வர வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் நாட்டை விட்டு வெளியே அனுப்ப உங்களுக்கு உரிமையே கிடையாது. கிரேடிங் படிவத்தை நிரப்புவதற்கு முன், திலக் மார்க்கில் இருக்கும் தொல்லியல் துறைத் தலைமையகத்தில் 'இது தொல்பொருள் இல்லை' என்ற சான்றிதழுக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள்.